இடப்பக்கம்

தடைமரம் இறங்கியிருந்தது. அதற்கு அப்பால் வீதி இருக்கிறது என்பதற்கு இரண்டு கரையிலும் நட்டிருந்த மூங்கில் கழிகளைத் தவிர வேறு சாட்சி இல்லை. காற்று பலமாக இருப்பதால் பனி வாரும் வண்டி வந்து எல்லாரையும் தன் பின்னால் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போகும், அதுவரை காத்திருங்கள் என்று மின்பலகை சொன்னது. தவநாதன் முன்னால் நின்ற காரின் இலக்கத்தகட்டை வாசித்தான். பிறகு அதற்கும் முன்னால் நின்றதை வாசித்தான். ஒவ்வொரு எழுத்தும் புதிதாக அச்சடித்ததுபோல் தெளிவாக இருந்தது. நேர்ப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை என்று கண் வைத்தியரும்தான் சொன்னாள். செவ்வாய்க்கிழமை பின்னேரம், படத்தைத் திரையில் காட்டி, பேனா முனையால் அந்தக் கறுத்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, நேரே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஆனால் இடப்பக்கம் போய்விட்டது என்றாள். போய்விட்டது என்பதை அவள் சொன்ன விதம், பஸ் போய்விட்டது என்பதுபோல் இருந்தது. இன்றிலிருந்து நீங்கள் எந்த வாகனமும் ஓட்டக்கூடாது, இது என்னுடைய வாய்மொழித் தடை, கடிதம் பின்னால் வரும் என்றும் சொன்னாள். அவன் தலையாட்டினான். கை கொடுத்தான். கீழே இறங்கி, காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். இன்று சனிக்கிழமை. இடையில் கிடந்த நாட்களில் இந்தச் சேதியை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது இவ்வளவு இலகுவாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. வேலையிடத்தில் ஈஸ்டர் விடுமுறை முன்னமே எடுத்திருந்தான். வீட்டில் பயணத்துக்கு மூட்டை கட்டுகிற அமளி. மனிதர்கள் அமளியில் இருக்கும்போது ஒருவன் பேசாமல் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தால் அவனை நல்லவன் என்றுதான் நினைப்பார்கள்.

பக்கத்து இருக்கையில் வதனி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். தோலின் எண்ணெய் வாசம் காருக்குள் நிறைந்து, பின்னால் ஏழு மடிப்புப் பொலித்தீனுக்குள் உறைந்து கிடந்த ஆட்டிறைச்சிக் கறியின் வாசத்தோடு போட்டி போட்டது. எந்தப் பையை எங்கே வைத்தாலும் கறி தன்னைச் சொல்லிக்கொண்டே வந்தது. கூரையில் கட்டியிருந்த பெட்டிக்குள் மிதுனாவின் பனிச்சறுக்குப் பலகை, கூடாரம், அதற்கான சின்ன இரும்பு அடுப்பு. மலைக்கு அப்பால் சறுக்குமிடத்துக்குப் பக்கத்தில் பனியை மிதித்துச் சமப்படுத்தி, கூடாரம் அடித்து, மூன்று பேரும் நான்கு நாள் தங்குவதாகத் திட்டம். திட்டம் மிதுனாவுடையது. பத்தொன்பது வயது. தை மாதம் சாரதி அனுமதி எடுத்தவள். இந்த வருசத்துக்குப் பிறகு படிக்க வேறு ஊருக்குப் போய்விடுவேன், ஒருமுறையாவது எல்லாரும் மலைக்கு வாங்கோ என்று கேட்டவள். "எங்கட ஊரில வீடு இல்லாத சனம்தான் ரென்ற்றுக்குள்ள படுக்கும்," என்றாள் வதனி, உரித்த சுளை ஒன்றைப் பின்னுக்கு நீட்டி. "இஞ்ச காசு குடுத்துப் படுக்கினம். அதுவும் ஐசுக்கு மேல." "அம்மா, அடுப்பு இருக்கு. உங்களுக்கு வேர்க்கும்." "வேர்க்கும், வேர்க்கும். வேர்த்துச் சாகிறனோ விறைச்சுச் சாகிறனோ எண்டு உன்ர கொப்பர் பாத்துச் சொல்லுவார்." தவநாதன் சிரித்தான். சிரிப்பு சரியான இடத்தில்தான் வந்தது. தடைமரம் ஒன்றின் முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றால் ஊரில் சோதனைச்சாவடிகளில் நின்ற பழைய நாட்கள் ஞாபகத்துக்கு வரவேண்டும், மண்டபங்களில் ஒலிவாங்கி பிடித்துப் பேசுகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அவனுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. கடைசியாக நிறுத்திய எண்ணெய் நிலையத்தில் கழிப்பறைக்குப் போயிருக்கலாம் என்று மட்டும்தான் வந்தது. முன் காரிலிருந்து இறங்கிய ஒரு தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் பனியில் குழி தோண்டி அதற்குள் உட்கார்ந்து சொக்கலேற் தின்றார்கள். வலப்பக்கம் ஒரு நாய். இடப்பக்கம் என்ன என்று அவன் பார்க்கவில்லை. பார்ப்பதென்றால் கழுத்தைத் திருப்பவேண்டும்.

இடப்பக்கம் இருட்டு என்று யாராவது நினைக்கக்கூடும். இருட்டு என்றால் தெரிந்துவிடுமே. இருட்டாக இருந்தால் அவனே வைத்தியரிடம் ஓடியிருப்பான். அங்கே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் தெரியாதது யாருக்கும் குறையாகப் படாததுபோல. கண் வைத்தியரிடம் செய்த பார்வைச் சோதனையில் நாடியை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் பார்க்கச் சொன்னார்கள். ஒளிப்புள்ளி தோன்றினால் கையிலுள்ள பொத்தானை அழுத்தவேண்டும். கொஞ்ச நேரத்தில் அவனுக்கு ஒரு தாளம் பிடிபட்டது. இந்த நேரத்துக்கு ஒரு புள்ளி வந்திருக்கும் என்று ஊகித்து அழுத்தத் தொடங்கினான். தான் ஓட்டுகிற பஸ்ஸில் யாரும் மணி அடிக்காவிட்டாலும் இந்த இடத்தில் இந்தக் கிழவி இறங்குவாள் என்று தெரிந்து பஸ்ஸை மெதுவாக்குகிறானே, அதுபோல. சோதித்த தாதி யந்திரத்தை நிறுத்தி, தோளில் கை வைத்து, வெளிச்சம் வராதபோதும் அழுத்துகிறீர்கள், பரவாயில்லை, முதலிலிருந்து செய்வோம் என்றாள். அவளுடைய அந்தப் பரவாயில்லை இன்னும் தோளில் இருந்தது. இருபத்திரண்டு வருடம் நோர்வேயின் பேர்கன் நகரத்து மழையில் பஸ் ஓட்டியவன். சுற்றுவட்டத்தில் இடப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்குத்தான் முதல் உரிமை, அதற்காக இப்போது தலையை முழுதாகத் திருப்பிப் பார்க்கிறான், சக சாரதிகள் ஆந்தை என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். ஆந்தை என்று கூப்பிட்டால் அவனும் கையைத் தூக்குகிறான். இன்று காலை நகரத்தை விட்டு வெளியேறும் சுற்றுவட்டத்தில் திருப்பித்தான் பார்த்தான். ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்து உள்ளே விட்டபோது ஒரு நீல வான் கத்திக்கொண்டு அவன் கதவோரமாக வந்து நின்றது. வதனி "எங்க பாக்கிறியள்?" என்றாள். மிதுனா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வான்காரனின் முகம் அவனுக்கு இப்போதும் ஞாபகம் இருந்தது. கோபம் இல்லை. குழப்பம். தன்னை ஒருவன் நேராகப் பார்த்துக்கொண்டே மோத வருகிறான் என்ற குழப்பம்.

அந்தக் குழப்பத்தை அவன் இன்னொரு முகத்திலும் பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை, வதனி சொல்லித்தான் தெரியும். போன ஆவணியில் வதனியின் தமையன் ரங்கநாதனின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. வதனி விடியவே பிள்ளையை உடுத்தப் போய்விட்டாள். தவநாதன் வேலை முடித்து, உடுப்பு மாற்றி, தனியாகத்தான் மண்டபத்துக்குப் போனான். வாசலில் இடப்பக்கம் பன்னீர்ச் செம்பும் சந்தனமும் கற்கண்டும் வைத்த மேசை. மச்சான் வருகிறார் என்று கண்ட ரங்கநாதன், சந்தனத் தட்டைப் பெண்பிள்ளைகளின் கையிலிருந்து வாங்கித் தானே நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். தவநாதன் நேரே பார்த்தபடி அவரைக் கடந்து, மேலங்கி மாட்டுகிற இடத்துக்குப் போய், அங்கே நின்ற யாரோ ஒரு நோர்வேக்காரனுக்குக் கை கொடுத்துச் சிரித்திருக்கிறான். தட்டு நீட்டியபடியே நின்றதாம். வீடியோக்காரன் அதையும் எடுத்துவிட்டான். பிறகு அது ஒரு கதையாயிற்று. பஸ் நிறுவனத்தில் மேற்பார்வையாளர் பதவி கிடைக்கப்போகிறது என்று ஒரு பேச்சு அப்போது இருந்தது, அதையும் சேர்த்து வைத்துச் சொன்னார்கள். கோயிலில் கண்டால் சிரிக்கிறதில்லை, கடையில் கண்டால் தெரியாத ஆள் மாதிரிப் போகிறார், தலைக்குக் கனம் வந்துவிட்டது. "உன்ர மனுசனுக்குக் கண் தெரியேல்லையோ?" என்று ரங்கநாதன் தங்கச்சியிடம் தொலைபேசியில் கேட்டார், அதுதான் அவர் கேட்ட கடைசிக் கேள்வி. அதன்பிறகு அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. தீபாவளிக்கு வதனி செய்த பலகாரம் அப்படியே இருந்து பூசணம் பிடித்தது. தவநாதன் மன்னிப்புக் கேட்க மறுத்தான். கேட்டால் ஏன் என்று சொல்லவேண்டி வரும். அப்போதே அவனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, சந்தேகத்தை ஒரு வைத்தியரிடம் கொண்டுபோனால் அது உண்மையாகிவிடும் என்ற பயமும் இருந்தது. திமிர் பிடித்தவன் என்றால் வேலை போகாது. திமிர் பிடித்தவன் பஸ் ஓட்டலாம். அந்தப் பெயரை அவன் ஒரு மேலங்கி மாதிரிப் போட்டுக்கொண்டான், கொஞ்ச நாளில் அது அளவாகவும் இருந்தது. ஒருவரையும் தேடிச் சிரிக்கத் தேவையில்லாத ஒரு மனிதனாக மண்டபங்களுக்குள் போய்வருவதில் ஒரு சுகம்கூட இருந்தது.

இப்போதும் ஒரு நியாயம் கிடைத்தது. தானாகவே கிடைத்தது, அவன் தேடவில்லை. இந்த வரிசையில் எதிரே வாகனம் வராது, அந்தப் பக்கத்திலும் தடைமரம் போட்டிருப்பார்கள். முந்துவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை. குறுக்கு வீதி இல்லை, சைக்கிள்காரன் இல்லை, சுற்றுவட்டம் இல்லை. முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு போனால் போதும், அதற்கு நேர்ப்பார்வை போதும், அது அவனிடம் இருக்கிறது. நாடு முழுவதிலும் இடப்பக்கம் தேவைப்படாத ஒரே வீதி இதுதான். தெரியாத புயலுக்குள் எல்லாரும் தெரியாமல்தான் ஓட்டப்போகிறார்கள். ஆகவே இதைக் கடக்கலாம். கடந்து, சறுக்குமிடத்துக்குப் போய், கூடாரம் அடித்து, கறியைச் சூடாக்கி, சாப்பிட்ட பிறகு சொல்லலாம். சாப்பிட்ட பிறகு சொன்னால் வதனிக்கு நித்திரை வராது. மற்ற நாள் சொல்லலாம். மற்ற நாள் மிதுனா பலகையோடு மலையில் நிற்பாள், அவளும் இருக்கும்போது சொல்வதுதான் முறை. அப்படியென்றால் கடைசி நாள். கடைசி நாள் சொன்னால் திரும்பி வரும்போது யார் ஓட்டுவது என்ற கேள்வி வரும், அதனால் திரும்பி வந்த பிறகு. ஒவ்வொரு நாளும் அடுத்த நாளைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. என்ன சொல்வது என்றும் யோசித்தான். எனக்குக் கண் தெரியாது. அது பொய், தெரிகிறதே. எனக்குக் கண்ணில் கொஞ்சம் பிழை. அதற்கு வதனி மூக்குக்கண்ணாடி மாற்றுங்கோ என்பாள். நான் இனிக் கார் ஓடக்கூடாதாம். ஆம் என்ற அந்த ஒட்டு அவனுக்குப் பிடித்திருந்தது, வேறு யாரோ சொன்ன சேதியை வேறு யாருக்கோ கொண்டுபோவதுபோல். ஆனால் அதற்குப் பிறகு வரப்போகிற ஏன் என்ற கேள்வியில் ஒவ்வொரு முறையும் வசனம் தட்டி நின்றது. வயது ஐம்பத்துநான்கு. பஸ் கழுவுகிற பிரிவில் வேலை கொடுப்பார்களாயிருக்கும். பின்கண்ணாடியில் மிதுனாவைப் பார்த்தான், அது வலப்பக்கம் இருந்ததால் பார்க்க முடிந்தது. அவள் கண்ணாடியில் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"இஞ்சரப்பா," என்றாள் வதனி. அவன் இலக்கத்தகட்டை வாசித்துக்கொண்டிருந்தான். "இஞ்சரப்பா! அந்த மனுசி எவ்வளவு நேரமா யன்னலடியில நிக்குது. கண்ணாடியை இறக்குங்கோவன்." கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது, முன்பும் கேட்டிருக்கவேண்டும், காற்று என்று எடுத்துக்கொண்டிருந்தான். கழுத்தைத் திருப்பினான். மஞ்சள் உடுப்புக்காரி ஒருத்தி, வீதிப் பராமரிப்பில் வேலை செய்கிறவள், இமையில் பனி ஒட்ட, அவன் தோளிலிருந்து ஒரு முழத் தூரத்தில் குனிந்து நின்றாள். இல்லாத இடத்திலிருந்து ஒரு முழு ஆள். அவன் கண்ணாடியை இறக்குவதற்குள் வதனி தாழ்ந்த குரலில், "ஏன் இப்பிடி ஆக்களுக்கு முகம் குடுக்காமல் இருக்கிறியள்? அண்ணைக்குச் செய்தது காணாதே? இப்ப வெள்ளைக்காரரிட்டையும் தொடங்கியாச்சோ?" என்றாள். குளிர் ஒரு சுவர் மாதிரி உள்ளே வந்தது. மஞ்சள் உடுப்புக்காரி காற்றுக்கு மேலாகச் சத்தமிட்டு நோர்வேஜிய மொழியில் பேசினாள். குளிருக்கான உடுப்பு கைவசம் இருக்கிறதா, எரிபொருள் இருக்கிறதா, பின்பக்கப் பனிப்புகார் விளக்கைப் போடுங்கள், நடுவில் நிற்கவேண்டாம், இறங்கவேண்டாம், திரும்பவேண்டாம். முன்பு இப்படி வரிசையில் போயிருக்கிறீர்களா? போயிருக்கிறேன் என்றான். பஸ் சாரதி என்றும் சொன்னான். ஏன் சொன்னான் என்று தெரியவில்லை. எந்தக் கேள்விக்கும் அதைச் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டது. அவளுடைய முகம் தெளிந்தது. நல்லதாகப் போயிற்று என்றாள். உங்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் இதுதான் முதல்தடவை, ஒரு கைக்குழந்தையும் இருக்கிறது, பயந்துபோயிருக்கிறார்கள். முன்னால் ஒரு பஸ் சாரதி போகிறார், அவருடைய விளக்கை விடாமல் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு அவள் பின்னுக்கு நடக்கத் திரும்பினாள். அவனுடைய நியாயத்தில் பின்னால் வருகிற ஒருவர் இருக்கவில்லை. முன் விளக்கு ஒன்று இருந்தது, அதைப் பார்க்கிற அவன் இருந்தான், அவ்வளவுதான். அவன் வாய் திறந்தது. "எனக்கு வாகனம் ஓட்ட அனுமதி இல்லை," என்றான், நோர்வேஜிய மொழியில், வைத்தியர் சொன்ன அதே சொற்களில், அதே வரிசையில். "கண். இடப்பக்கம் பார்வை இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து தடை." தமிழில் நான்கு நாளாக ஓரிடத்தில் தட்டி நின்ற வசனம், அந்த மொழியில் படிவத்தில் நிரப்புகிறதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. காருக்குள் இருந்த இரண்டு பேருக்கும் அந்த மொழி நன்றாக விளங்கும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மஞ்சள் உடுப்புக்காரி திரும்பிவந்து குனிந்து காருக்குள் பார்த்தாள். வேறு யாரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்று கேட்டாள். "என்னிட்ட," என்றாள் மிதுனா தமிழில், பிறகு நோர்வேஜிய மொழியில். வழுக்கும் தரையில் கார் ஓட்டும் பயிற்சி எடுத்திருக்கிறாயா? ஓம். பனிப்புயலில்? இல்லை. மஞ்சள் உடுப்புக்காரி யோசித்தாள். பின்னால் நிற்பவர்களை, வரிசையின் கடைசியில் வரப்போகிற தன் வாகனத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்வதாகவும், இவர்கள் பனி வண்டியை ஒட்டி முதலாவதாகப் போகவேண்டும் என்றும், வேண்டாம் என்றால் இப்போதே திரும்பிக் கீழே போகலாம், அதில் ஒரு பிழையும் இல்லை என்றும் சொன்னாள். "போறம்," என்றாள் மிதுனா. கண்ணாடி ஏறியது. காற்றின் சத்தம் அறுந்தது.

"அப்ப அண்டைக்கு," என்றாள் வதனி. கையில் பாதி தின்ற தோடஞ்சுளை இருந்தது. "மண்டபத்தில. அண்ணை தட்டோட நிண்டது."

"நான் காணேல்லை."

"காணேல்லை."

"காணேல்லை, வதனி."

அவள் சுளையைத் தோலுக்குள் திரும்ப வைத்தாள். "எத்தினை மாசம் நான் அந்த வீட்டு வாசல் மிதிக்கேல்லை தெரியுமோ? அந்தப் பிள்ளைக்கு அப்பெண்டிக்ஸ் வெட்டேக்கையும் போகேல்லை. எங்கட ஆள் வேணுமெண்டு செய்யிற மனுசன் இல்லை எண்டு நான் ஊர் முழுக்கச் சொல்லி, பேந்து எனக்கே சந்தேகம் வந்திட்டுது. சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னால் வேலை போயிடும்."

"இப்ப என்ன, போகேல்லையோ?"

அவன் முன் காரின் இலக்கத்தகட்டைத் திரும்பவும் வாசித்தான். "விசர் மனுசன்," என்றாள் அவள், யாரிடமோ முறையிடுவதுபோல் முன்கண்ணாடியைப் பார்த்து. "பிள்ளையை ஏத்திக்கொண்டு வந்திருக்குது. காலமை அந்த வான்காரன் அடிச்சிருந்தால்?" பிறகு தோடந்தோலைக் காலடியில் போட்டுவிட்டு, "இவள் எப்பிடி ஓடுறது இதுக்குள்ள? நீ போன கிழமையும் கடைக்குப் பின்பக்கம் தூணில தேய்ச்சனி," என்று மகளின் மேல் திரும்பினாள். "அது தூண் பிழையான இடத்தில நிண்டது, அம்மா," என்றாள் மிதுனா. ஒருவரும் சிரிக்கவில்லை. "அப்பா, இறங்குங்கோ. அம்மா, நீங்கள் பின்னால வாங்கோ. அப்பா முன்னால இருக்கட்டும்."

இறங்கினான். காற்று அவனை ஒருமுறை கதவோடு சேர்த்து அழுத்தியது. காரின் முன்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டு சுற்றிவந்தபோது எதிரே வந்த மிதுனா அவனுடைய இடப்பக்கமாகக் கடந்தாள், கடந்தபோது கை நீட்டி அவன் முழங்கையை ஒருகணம் பிடித்துவிட்டுப் போனாள், அதனால்தான் அவள் கடந்தது தெரிந்தது. பயணி இருக்கை வதனியின் சூட்டோடு இருந்தது. கால் வைக்கிற இடத்தில் தோடந்தோல். இருபத்திரண்டு வருடத்தில் தன்னுடைய காரில் இந்தப் பக்கம் இருந்து பார்த்ததே இல்லை என்று நினைத்தான். எல்லாம் ஒரு முழம் தள்ளி இருந்தது. மிதுனா இருக்கையை முன்னுக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடியைத் திருத்துகிற சத்தம். அவளை அவன் பார்க்கவில்லை. பார்ப்பதென்றால் முழுதாகத் திரும்பவேண்டும், முழுதாகத் திரும்பி ஒரு சாரதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தால் எந்தச் சாரதிக்கும் பிடிக்காது, அது அவனுக்குத் தெரியும். முன்னால் நின்ற கார்களைத் தாண்டி வரிசையின் தலைக்குக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பனி வாரும் வண்டி அவர்களைத் தாண்டிப் போய், செம்மஞ்சள் விளக்குச் சுழல, தடைமரத்துக்கு முன்னால் நின்றது. மரம் உயர்ந்தது.

முதலில் கழிகள் தெரிந்தன. வலப்பக்கம் ஒன்று, பிறகு ஒன்று, அவன் பக்கத்துக் கழிகள். அவற்றை அவன் கண்ணால் எடுத்து எடுத்துப் பின்னுக்கு வைத்தான். பிறகு கழிகளுக்கு இடையில் தூரம் கூடியது, பிறகு கழி இருந்த இடத்தில் கழியின் நினைவு மட்டும் இருந்தது. பின்னால் வதனி ஏதோ தேவாரத்தின் முதல் அடியைச் சொல்லி, இரண்டாவது அடி வராமல், திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். அவனுடைய வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லை. காலை எடுத்தான், அது திரும்பவும் போய் அழுத்தியது. இந்த வேகம் போதும், இன்னும் கொஞ்சம் இடைவெளி விடு, ஸ்டியரிங்கை இறுக்காதே, கையைத் தளர்த்து, ஒவ்வொன்றும் வாய்க்கு வந்தது, ஒவ்வொன்றையும் அவன் நிறுத்தி வைத்தான். முன்னால் வண்டியின் செம்மஞ்சள் விளக்கு ஒரு முறை மங்கி, இன்னொரு முறை மங்கி, இல்லாமல் போனது. வண்டி இல்லை, வீதி இல்லை, கழி இல்லை. கண்ணாடி முழுக்க ஒரே வெள்ளை, அதில் இடமும் வலமும் ஒன்றுதான். வதனி தேவாரத்தை நிறுத்தினாள். பிரேக்கைத் தொடாதே, காலை மட்டும் தூக்கு, நேரே பிடி, பின்னால் ஆட்கள் வருகிறார்கள்: அவன் தொண்டையில் எல்லாம் ஒழுங்காக அடுக்கி இருந்தது, கேட்டால் சொல்லத் தயாராக. கேட்பாள் என்று காத்திருந்தான். எஞ்சினின் சத்தம் ஒரு படி தாழ்ந்தது. அவள் காலைத் தூக்கியிருந்தாள். கார் நேராகவே போனது. ஒன்றும் தெரியாத அந்த இடத்துக்குள், அவனுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து, சீரான மூச்சு ஒன்று வந்துகொண்டிருந்தது. அவள் கேட்கவில்லை.